ஸ்டாம்ப் அட்டையில் மை படர்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கையால் ஸ்டாம்ப் குத்திய அட்டைக்கு மேற்பூச்சு போடும்போது மை படர்ந்தால், பலரும் பூச்சு டப்பாவைத்தான் முதலில் குறை சொல்வார்கள். அடுத்த தடவை விலை கூடிய பூச்சு வாங்குவார்கள், அதிலும் படரும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். மை எதில் கரையுமோ அதே திரவம் பூச்சிலும் இருக்கிறது. இல்லையென்றால் மை இன்னும் காயவே இல்லை.

குமரி மாவட்டத்தில் இரண்டாவது காரணத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இங்கே பெய்யும். கிறிஸ்துமஸ் அட்டை வேலை மும்முரமாகும் நவம்பரில் தாள் ஈரத்தை இழுத்து நொய்ந்து கிடக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் காயும் நேரத்தை அந்த மாதத்தில் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்: சொட்டுச் சோதனை

எந்த அறிகுறி என்றாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அட்டை வெட்டியதில் மிஞ்சிய அதே தாள் துண்டில், அதே மையால் இரண்டு முறை ஸ்டாம்ப் குத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். முதல் பதிவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். இரண்டாவதின் மேல் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது இதுதான், ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். சானிடைசரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். அதில் தண்ணீரும் கலந்திருப்பதால், படர்ந்தது எதனால் என்று தெரியாமல் போய்விடும். ஒரு நிமிடம் கழித்து வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

தண்ணீர்ப் பக்கம் மட்டும் டிஷ்யூவில் நிறம் ஏறினால் அந்த மைக்குத் தண்ணீர் கலந்த பூச்சு எதுவும் ஆகாது. பெவிக்கால், மாட் பாட்ஜ், தண்ணீர் வார்னிஷ் எல்லாம் இதில் அடங்கும். கரைப்பான் கலந்த ஸ்பிரே பூச்சுப் பக்கம் போகலாம். ஆல்கஹால் பக்கம் மட்டும் ஏறினால் நேர்மாறு: தூரிகையால் பூசும் தண்ணீர்ப் பூச்சு சரி, ஸ்பிரே வேண்டாம். இரண்டிலும் ஏறினால் திரவப் பூச்சே வேண்டாம். பிலிம், லேமினேஷன், லேசர் நகல் ஆகிய வழிகள் கீழே உள்ளன. இரண்டிலும் ஏறவில்லை என்றால் மை குற்றமற்றது. காயவைத்த விதத்திலோ பூசும் முறையிலோதான் பிழை. ஸ்பிரே டப்பாவில் அசிட்டோன் என்று போட்டிருந்தால், அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியால் மூன்றாவது சொட்டும் வைத்துப் பாருங்கள். எல்லாம் தேறிய பிறகும், வாங்கிய பூச்சையே ஒரு துண்டில் போட்டுப் பார்க்காமல் முழு அடுக்கிலும் கை வைக்கக் கூடாது.

ஸ்டாம்ப் குத்தியதுமே, பூச்சு போடும் முன்பே, கோட்டைச் சுற்றி மை இழையிழையாக ஓடுகிறது

இங்கே பூச்சுக்குச் சம்பந்தமே இல்லை. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

பேடில் மை அதிகம். புதிதாக மை ஊற்றிய பேடில் ஸ்டாம்பை அழுத்தித் தோய்த்தால் பள்ளங்களிலும் மை நிற்கும். பேடை லேசாகப் பலமுறை தட்டி எடுங்கள். முதல் பதிவைக் கழிவுத் தாளில் போட்டுவிட்டு இரண்டாவதை அட்டையில் போடுங்கள். அதிலேயே கோடு ஒழுங்காகிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

தாளில் ஈரம். மழை நாளில் திறந்து கிடந்த அட்டை விரலால் சுண்டினால் சடசடக்காது, தொய்ந்த ஒலி கேட்கும். நீராவி இல்லாத இஸ்திரிப்பெட்டியை நடுச்சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, இரு பக்கமும் பத்துப் பத்து விநாடி ஓட்டுங்கள். ஆறியதும் குத்துங்கள். இப்போது ஓடவில்லை என்றால் தாளைச் சேமிக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். கொளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று படிந்த தாள் இன்னும் வேகமாக ஈரம் இழுக்கும். அங்கே கட்டைப் பிரித்துத் திறந்த அலமாரியில் அடுக்கவே கூடாது.

தாளே உறிஞ்சும் தாள். வாழைநார்த் தாள், பஞ்சுத் தாள் போன்ற கையாக்கத் தாள்கள் சிலவற்றில் பசையேற்றம் (மை ஊறாமல் தடுக்கத் தாளில் ஏற்றும் பசை) குறைவாக இருக்கும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உள்ளே போனால் பசையேற்றம் போதாது. அரை நிமிடமாவது குமிழாக நின்றால் தாள் நல்லது. உறிஞ்சும் தாளுக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவுக் கஞ்சி போதும். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மாவு கரைத்து, கண்ணாடிபோல் தெளியும் வரை காய்ச்சி, ஆறியதும் அகலத் தூரிகையால் ஒரே திசையில் ஒரு கை பூசி, தொங்கவிட்டு உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். கஞ்சி பூசிய தாளில் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வரும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டிய தாளுக்கு மட்டும் பூசுங்கள். புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவதைப் பார்த்து இதிலும் போட வேண்டாம். அது நச்சு, நீலச் சாயலும் ஏறும். குழந்தைகள் கையில் போகும் பொருள் இது.

இவ்வளவும் செய்தபின் தடித்த கோடு மட்டும் கலங்கினால், ஸ்டாம்பின் ரப்பர் ஊதியிருக்கலாம். எண்ணெய் மையும் தின்னரும் சில ரப்பர்களை ஊத வைக்கும். ஸ்டாம்பைக் கண்ணாடியில் கவிழ்த்து, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். முகம் முழுவதும் சமமாகப் படியவில்லை என்றால் ஸ்டாம்ப் செய்பவரிடம் கொடுத்துப் புதிதாக எடுப்பதே வழி.

தூரிகை பட்டதும் மை இழுபட்டு, பூச்சே நிறம் மாறுகிறது

அதிகம் கேட்கப்படும் சிக்கல் இது. சாய மை, அதாவது நிறம் திரவத்தில் கரைந்திருக்கும் மை, அதன் மேல் தண்ணீர்ப் பூச்சு போடுவதால் வருகிறது.

முதல் சோதனை, காய்ந்ததா என்பது. கோட்டின் தடித்த இடத்தில் வெள்ளை டிஷ்யூவை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். மங்கலாக நிறம் ஏறினாலும் காயவில்லை என்றே பொருள். வழவழப்பு ஏற்றாத சாதாரணத் தாளில் சாய மை சில நிமிடங்களில் தொடக் காய்ந்துவிடும். ஆனால் தொடக் காய்வது வேறு, பூசக் காய்வது வேறு. வெயில் காலத்தில் ஓர் இரவு, மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள். பிக்மென்ட் மைக்கு, அதாவது நிறத் துகள்கள் கரையாமல் கலந்திருக்கும் மைக்கு, உலர்ந்த காற்றிலேயே ஒரு நாள் வேண்டும். வழவழப்பான ஆர்ட் கார்டில் சூடு காட்டாமல் அது காயவே காயாமல் கிடக்கும். ஹீட் கன் இருந்தால் 10 முதல் 15 செ.மீ. தள்ளி, கையை அசைத்துக்கொண்டே பத்து விநாடி காட்டுங்கள். இல்லாதவர்கள் அட்டையைக் கவிழ்த்து, பின்பக்கமாக நடுச்சூட்டில் 20 விநாடி இஸ்திரி போடலாம்.

அடுத்து, கை. ஒரே இடத்தில் நாலைந்து முறை தூரிகையை ஓட்டினால் தாங்கக்கூடிய மையும் இழுபடும். பெவிக்காலை மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைப்பதுதான் வழக்கம். அதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் பூச்சு மெலிவதோடு, மை கரையத் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கிறது. மெல்லிய முடித் தூரிகை எடுத்து, அதிகப் பூச்சைக் கிண்ண விளிம்பில் வழித்துவிட்டு, ஒரே வீச்சில் ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். விட்டுப்போன இடத்தை இரண்டாம் பூச்சில் நிரப்பிக்கொள்ளலாம்.

அப்படியும் இழுபட்டால் மையை மாற்றாமல் ஒரு வழி உண்டு. முதலில் மெல்லிய ஸ்பிரே இரண்டு பூச்சு, அது முழுக்கக் காய்ந்தபின் தூரிகைப் பூச்சு. ஸ்பிரேயின் அக்ரிலிக் படலம் தண்ணீர் மைக்குப் போகாமல் தடுக்கும். தண்ணீரில் மட்டும் கரையும் மைக்கே இது பொருந்தும். சொட்டுச் சோதனை அதைச் சொல்லிவிடும்.

கடைசியாக, மையை மாற்றுவது. டிஸ்ட்ரெஸ் வகை மைகள் தண்ணீர் பட்டுக் கலங்குவதற்காகவே செய்யப்பட்டவை. அழகான மைதான், ஆனால் தண்ணீர்ப் பூச்சுக்கு அடியில் அதை வைக்க முடியாது. தாளில் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாத மை வேண்டுமென்றால் வெர்சாஃபைன் போன்ற எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மையோ ரேஞ்சர் ஆர்க்கைவல் மையோ நல்ல தேர்வு. விலை கூடத்தான். ஆனால் புதுநன்மை (முதல் நற்கருணை) அட்டை நூறுக்கு ஆர்டர் வாங்கிவிட்டு, அடுக்கில் பாதியைக் குப்பையில் போடுவதைவிட மலிவு.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் ஊதா மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் எளிதாகக் கிடைப்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். பேட் உலராமல் இருக்க கிளிசரினோ கிளைக்காலோ சேர்த்த மை அது. ஊதாச் சாயம் தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். எந்தத் திரவப் பூச்சுக்கும் அது நிற்காது. அந்த நிறமே வேண்டுமானால் ஒரு நல்ல பதிவை எடுத்து ஸ்கேன் செய்து, ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்டரில் அட்டைத் தாளிலேயே அடித்துக்கொள்ளுங்கள். லேசர் டோனர் தண்ணீரில் கரையாது, அசிட்டோனுக்கு மட்டும் காட்டக் கூடாது. இங்க்ஜெட் பிரின்டரில் அடித்தால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

ஸ்பிரே அடித்தபோது நன்றாக இருந்தது, சற்று நேரத்தில் கோட்டைச் சுற்றி நிழல் விழுகிறது

ஸ்பிரே கனமாக விழுந்திருக்கும். ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு அடித்தால் கரைப்பான் ஆவியாக நேரமாகும். அதுவரை மை அதில் ஊறிக்கொண்டே இருக்கும். டப்பாவை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, அட்டைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அட்டையைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் பூச்சு தூசி படிந்ததுபோல் தெரிந்தால் போதும். 15 நிமிடம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் வெட்டவெளியில் அடித்தால் பாதி பறந்து போகும், மீதி ஒரே பக்கத்தில் குவியும். ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். அடுப்பு எரியும் சமையலறைப் பக்கம் இந்த வேலையே கூடாது. டப்பாவின் வாயு தீப்பற்றும். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

மெல்லிய பூச்சிலும் நிழல் விழுந்தால் மை கரைப்பானில் கரையும் வகை. ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் மைகள், ஆல்கஹால் மார்க்கரால் நிரப்பிய படங்கள் இரண்டும் இதில் மாட்டும். மார்க்கர் நிறம் கோட்டைத் தாண்டிக் கசியும், கோடும் நிறத்துக்குள் கரையும். இவற்றுக்குத் தண்ணீர் வார்னிஷ்தான் சரியான துணை. மெமென்டோ போன்ற சாய மையால் கோடு போட்டு, ஆல்கஹால் மார்க்கரால் நிரப்பிய அட்டை என்றால் நிலைமை சிக்கல்: கோடு தண்ணீருக்குப் பயப்படும், நிறம் ஆல்கஹாலுக்குப் பயப்படும். அதற்குத் திரவப் பூச்சைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஒளிபுகும் ஒட்டும் பிலிம் போடுங்கள்.

மை படராமல், மேலே வெண்புகை படிந்ததுபோல் மங்கினால் அது வேறு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை நாளில், சாரல் அடிக்கும் மாலையில் இது நிச்சயம் வரும். ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி வைத்து, 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். ஏற்கெனவே மங்கியிருந்தால் உலர்ந்த பகலில் மிக மெல்லிய ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும். அதையும் ஒரே ஓர் அட்டையில் முயன்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

லேமினேஷன் போடும்போது மை நசுங்கி இழுபடுகிறது

காயாத பிக்மென்ட் மை சூட்டிலும் உருளையின் அழுத்தத்திலும் நகரும். மேலே சொன்னபடி சூடு காட்டி, டிஷ்யூ சோதனையில் சுத்தமாக வந்தபின் அனுப்புங்கள். குமிழ் வந்தால் தாளில் ஈரம் இருக்கிறது. இஸ்திரி போட்டுவிட்டு உடனே லேமினேட் செய்யுங்கள். எம்பாஸிங் பவுடர் உருக்கிய மேடான படத்தை லேமினேஷனுக்குக் கொடுக்கவே கூடாது, அது மறுபடி உருகித் தட்டையாகிவிடும். பவுடர் போட்ட படத்துக்குத் தனிப் பூச்சும் வேண்டாம். அடியிலிருக்கும் மையை அந்தப் படலமே மூடிவிடுகிறது.

அட்டை நூற்றுக்கு மேல் என்றால் வீட்டுப் பவுச் கருவியோடு போராடாமல் அச்சகத்தில் மேட் பிலிம் லேமினேஷன் போடக் கொடுங்கள். அதற்கு முன் நாலு அட்டையைச் சோதனைக்கு ஓட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கையாக்கத் தாளின் மேடுபள்ளத்தில் பிலிம் சரியாகப் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடித்தள அட்டையில் ஒட்டியபின் முன்பக்கம் மை படர்கிறது

பூச்சு போட்ட முகம் நன்றாக இருக்கும், ஈரம் முதுகுப்பக்கமாக வந்திருக்கும். பெவிக்காலில் உள்ள தண்ணீர் மெல்லிய தாளை ஊடுருவி மையைத் தொட்டுவிடுகிறது. முன்பக்கம் பூச்சு மூடியிருப்பதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் அதிக நேரம் உள்ளே நிற்கும். இரட்டைப் பக்க டேப்போ குச்சிப் பசையோ பயன்படுத்தினால் சிக்கல் முடிந்தது. பெவிக்கால்தான் வேண்டுமென்றால் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக வையுங்கள், ஸ்டாம்ப் படம் உள்ள இடத்துக்குப் பின்னால் வேண்டாம். உறையின் மடிப்பைத் தண்ணீர் தொட்டு ஒட்டும்போதும் இதே கவனம்: மடிப்பில் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் அங்கேயும் டேப்தான்.

சில நாள் கழித்து நிறம் கசிகிறது, அல்லது அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

இந்த மாவட்டத்தில் மிகுந்த நஷ்டம் தருவது இதுதான். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு டிசம்பர் முதல் வாரத்தில் அடுக்கிக் கட்டி வைத்த அட்டைகளை, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பிரித்தால் ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகில் பதிந்திருக்கும்.

முதலில், எப்போது அடுக்கினீர்கள் என்று பாருங்கள். மேற்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் எடையைத் தாங்கும் அளவுக்கு இறுக மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆகும். அதுவரை கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறி ஓடலாம், ஜன்னல் மூடியிருக்கட்டும். இரவில் ஜன்னலைத் திறந்துவிட்டால் பகல் முழுக்க உலர்த்திய ஈரம் விடியுமுன் திரும்பிவிடும். அடுக்கும்போது ஒவ்வொரு அட்டைக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் கூடாது, அதன் மையே ஒட்டும்.

சரியாக உலர்த்தியும் நிறம் கசிந்தால் மையில் கிளிசரின் இருக்கிறது. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் பொருள். பூச்சுக்கு அடியில் அடைபட்டாலும் தாளின் முதுகுப்பக்கமிருந்து ஈரம் வாங்கி மை இளகும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் நிறம் தெரிந்தால் இதுதான் காரணம். அட்டையின் இரு பக்கமும் பூச்சு போட்டால் கசிவு குறையும், நிற்காது. அந்த மையைக் கைவிடுவதே முடிவு.

ஒட்டிக்கொண்ட அட்டைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். காற்றுப் புகாத உறையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். அக்ரிலிக் படலம் குளிரில் விறைத்து, மெல்லிய தகட்டை நுழைத்தால் பலவும் பிரிந்து வரும். உறைக்குள்ளேயே அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் குளிர்ந்த அட்டையின் மேல் நீர்த்துளி படிந்து, மிஞ்சியதும் படர்ந்துவிடும்.

ஏற்கெனவே படர்ந்துவிட்ட அட்டை

தாளின் நாருக்குள் ஊறிய சாயத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. பிளீச்சிங் திரவம் தொட்டால் நிறம் போகலாம், தாளும் அந்த இடத்தில் நொறுங்கி மஞ்சளாகும். பூச்சின் மேல்மட்டத்தில் மட்டும் இழுபட்டிருந்தால், முழுக்கக் காய்ந்தபின் 1000 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து மங்கவைக்கலாம். இல்லையென்றால் படத்தைச் சுற்றி வெட்டி, கசிந்த விளிம்பை நீக்கி, புதிய அட்டையில் டேப்பால் ஒட்டுங்கள். பெரும்பாலான அட்டைகள் இப்படித் தப்பிவிடும்.

பெரியவர்கள் கையெழுத்திட்டது, காலமானவர் அனுப்பியது போன்ற ஒரே ஒரு பிரதி என்றால் மேலே சொன்ன எதையும் அதில் முயல வேண்டாம். அப்படியே நிழலில், தட்டையாக, இரு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து உலர்த்துங்கள். சூடு காட்டாதீர்கள், புதிய பூச்சும் போடாதீர்கள். பழைய ஆவணங்களைச் செப்பனிடும் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் எடுத்துப் போங்கள். எந்த மை, எந்தப் பூச்சு, எப்போது போட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால், எந்தக் கரைப்பானைத் தொடக் கூடாது என்று அவர் முதலிலேயே முடிவு செய்ய முடியும்.